புயலோடு ஏறிவரும் கடல்

சித்திரை, வைகாசி மாதங்களிலும், பின்னர் ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிலும் வானொலியில் நாம் அடிக்கடி கேட்கும் அறிவிப்பு ஒன்று உண்டு. வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் புயலாக வலுவடைந்திருக்கிறது. அது இன்ன ஊர்களுக்கிடையே கரையைக் கடக்கும். அப்பொழுது காற்று மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வீசும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டா. இவ்வளவும் நம் செவியில் நன்றாக விழுகின்றன. இவற்றிற்குப் பின்னால் மற்றொரு வாக்கியம் வருகிறது: விண்ணியல் ஓதத்திற்கு மேல் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் உயரத்திற்குக் கடல் நீர் எழும்பித் தாழ்வான பகுதிகளில் புகக்கூடும் என்பது அது. காற்றின் வேகத்தைக் கேட்டதும் கூரையைப் பற்றிக் கவலைப்படுகிறோம்; மழை என்றதும் நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று விசாரிக்கிறோம். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பெரும்பாலும் ஒருவரும் உற்றுக் கேட்பதில்லை. ஆனால் வங்கக் கடலின் பெரும் புயல்களில் மாண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் காற்றினால் மாளவில்லை. அந்த வாக்கியம் குறிப்பிடுகின்ற நீரினால்தான் மாண்டார்கள்.

இதை ஏன் உற்றுக் கேட்பதில்லை என்று எண்ணிப் பார்த்தால், குற்றம் கேட்பவர்களுடையது மட்டும் அன்று என்று தோன்றுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்டார்ம் சர்ஜ்' என்று பெயர். தமிழில் 'புயல் எழுச்சி' என்றும் 'புயல் அலை' என்றும் 'கடல் கொந்தளிப்பு' என்றும் இடத்திற்கு ஒன்றாக எழுதி வருகிறோம். 'புயல் எழுச்சி' என்பதைக் கேட்கிறவர், எழுவது புயல் என்றுதான் கொள்வாரே ஒழியக் கடல் என்று கொள்ளமாட்டார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நானும் அச்சொல்லை எழுதியிருக்கிறேன். எழுதும்பொழுது அதன் குறை எனக்குத் தெரியவில்லை. கரையோர மக்களோ இந்நிகழ்ச்சியைக் கண்டபொழுதெல்லாம் 'கடல் ஊருக்குள் ஏறிவிட்டது' என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் இக்கட்டுரையில் இதைக் 'கடலேற்றம்' என்றே குறிப்பிடுகிறேன்.

ஒரு சொல் விளங்காமற்போனதால் நேரும் துன்பம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதைப் பிலிப்பைன்ஸ் நாட்டு மக்கள் 2013-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் கண்டார்கள். 'ஹையான்' என்னும் பெரும்புயல் அன்று அந்நாட்டின் நடுப்பகுதித் தீவுகளைத் தாக்கியது. அங்கு லெய்ட்டே தீவில், குறுகிய வளைகுடா ஒன்றின் கோடியில் அமைந்திருக்கிறது டாக்லோபான் நகரம். கடல் நீர் ஏழு மீட்டர் வரை எழும்பக்கூடும் என்று அந்நாட்டு வானிலைத் துறையினர் முன்னரே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வந்தது. ஆனால் 'ஸ்டார்ம் சர்ஜ்' என்ற ஆங்கிலத் தொடர் அப்படியே சொல்லப்பட்டது. பலர் அதைக் கடுங்காற்று என்று கொண்டார்கள். காற்றுக்குத் தாங்கும் கட்டடம் என்று நம்பி, கடலோரத்திலேயே தங்கியவர்கள் உண்டு. அடைக்கலம் தந்த கட்டடங்கள் சிலவற்றிலேயே நீர் புகுந்தது. நாடு முழுவதிலுமாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுள் பெரும்பகுதியினர் அவ்வட்டாரத்தவர். 'சுனாமி வருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடியிருப்போமே' என்று பிழைத்தவர்களும் அதிகாரிகளும் பிற்பாடு கூறினார்கள்.

அவர்கள் கேட்டது நியாயமே. எனினும் சுனாமியும் கடலேற்றமும் ஒன்றல்ல. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் தாக்கிய ஆழிப்பேரலை, சுமத்திராத் தீவின் அருகே கடலடித்தளம் நிலநடுக்கத்தால் பெயர்ந்ததனால் பிறந்தது. வானம் தெளிவாக இருந்தது, காற்று இல்லை, எச்சரிக்கையும் இல்லை. கடலேற்றமோ வானத்திலிருந்து பிறப்பது. அதை உண்டாக்கும் புயல் நாட்கணக்கில் நம் கண்முன்னே நகர்ந்து வருகிறது. சுனாமி நிமிடக் கணக்கில் வந்து வடிந்து மீண்டும் வரும். கடலேற்றம் மணிக்கணக்கில் உயர்ந்து, மணிக்கணக்கில் நிற்கும். ஒற்றுமை ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது பெரிய ஒற்றுமை. கரையில் நாம் நாள்தோறும் பார்க்கும் அலை வந்து உடைந்து திரும்புவது. இவை இரண்டிலும் கடலின் மட்டமே உயர்ந்து நிலத்தின் மேல் நடந்து வருகிறது. ஒரு கன மீட்டர் கடல் நீரின் எடை ஆயிரம் கிலோவுக்கும் சற்று மிகுதி. அதே அளவு காற்றின் எடை ஒன்றேகால் கிலோவுக்கும் குறைவு. இடுப்பளவு நீர் ஓடி வந்தால் வலிமையுள்ள மனிதனாலும் நிற்க முடியாமற்போவது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கடல் எவ்வாறு உயர்கிறது என்பதைப் பார்ப்போம். புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவு. சுற்றிலும் அழுத்தம் மிகுந்து நடுவில் குறைந்தால், அந்நடுவிடத்தில் கடல் சற்றே மேலே பொங்கும். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பது கணக்கு. 1999-ஆம் ஆண்டு ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின் நடுவே அழுத்தம் 912 மில்லிபாராக இறங்கியது. இயல்பான நிலையைவிட நூறு மில்லிபார் அளவு குறைவு. அப்படியானால் கடல் ஒரு மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். உண்மையில் அன்று கடல் ஐந்து, ஆறு மீட்டர் உயர்ந்தது. எஞ்சியதைச் செய்தது காற்று.

காற்று நீரைத் தள்ளுகிறது. ஆழமான அண்டாவில் நீரை நிரப்பி ஒரு பக்கமிருந்து ஊதிப் பாருங்கள். மேலே சிற்றலைகள் ஓடும், மட்டம் மாறாது. மேற்புறம் தள்ளப்பட்ட நீர் அடிப்புறமாகத் திரும்பிவிடுகிறது. தாம்பாளத்தில் விரற்கடை நீர் ஊற்றி அவ்வாறே ஊதினால் நீர் எதிர் விளிம்பில் குவிந்து வழியும். திரும்புவதற்கு அடியில் இடமில்லை. நடுக்கடல் அண்டா, கரையோரத்து ஆழமற்ற கடல் தாம்பாளம். ஆகவேதான் நடுக்கடலில் செல்லும் கப்பலுக்குப் புயல் என்பது மலைபோன்ற அலைகளும் காற்றும் மட்டுமே. கடல் மட்டத்தின் ஏற்றம் அங்கே பொருட்டன்று. கரையை நெருங்க நெருங்கத்தான் அது பெருகுகிறது. ஆழமற்ற கடல் எவ்வளவு தூரம் பரந்திருக்கிறதோ அவ்வளவுக்கு ஏற்றம் மிகும். சென்னைக்கு எதிரே அப்பரப்பு குறுகியது. கங்கை முகத்துவாரத்துக்கு எதிரே அது நூறு கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது.

மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நம் பகுதியில் புயற்காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள் சுற்றுவதற்கு எதிராகச் சுழல்கிறது. புயல் செல்லும் திசையை நோக்கி நின்றால், அதன் வலப்புறத்தில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். இடப்புறத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். வலப்புறத்துக் கரையில் கடல் ஏறும்பொழுது, இடப்புறத்துக் கரையில் உள்வாங்குவதும் உண்டு. 'புயல் இன்ன ஊரில் கரையைக் கடக்கிறது' என்ற செய்தி கேட்டு, நம் ஊர் அதுவன்று என்று நிம்மதி அடைகிறவர்கள் இதை அறிந்தால் அவ்வளவு எளிதில் நிம்மதி அடையமாட்டார்கள். 1977-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் ஆந்திரத்தைத் தாக்கிய புயல் சீராலைக்கு அருகே கரையேறியது. ஆனால் கடல் ஏறிப் பேரழிவு செய்தது அங்கிருந்து வடகிழக்கே பல பத்துக் கிலோமீட்டர் தள்ளி, கிருஷ்ணா நதி முகத்துவாரத்திலுள்ள திவி சீமையில். ஐந்து மீட்டர் அளவு உயர்ந்த நீர் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலாக உள்ளே சென்றது. பாலகாயதிப்ப முதலான மீனவ ஊர்கள் ஏறத்தாழத் துடைக்கப்பட்டன. இறந்தோர் தொகை பத்தாயிரம் அளவினது. தெலுங்கில் இக்கடலேற்றத்திற்கு 'உப்பென' என்று ஒரு தனிச்சொல் உண்டு. கிருஷ்ணா மாவட்டத்தில் முதியவர் எவரிடமாவது அச்சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அவர் திவி சீமையைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார்.

வங்காள விரிகுடாவின் வடகோடிக்கு வருவோம். விரிகுடா முழுவதும் ஒரு புனல் போல வடக்கே குறுகுகிறது. அங்கே ஆழமில்லாத கடல், தாழ்வான சேற்று நிலம், உள்ளே நெடுந்தூரம் செல்லும் ஆற்று வாய்கள், போதாக்குறைக்குப் பெரிய ஓதம். கடல் ஏறுவதற்கு வேண்டிய வசதிகள் யாவும் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன. 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் ஹூக்ளி ஆற்றின் வழியே ஏறிய கடல் கொல்கத்தாத் துறைமுகத்திலிருந்த கப்பல்களைக் கரையில் தூக்கிப் போட்டது. ஐம்பதினாயிரம் பேர் அளவில் மாண்டார்கள். அதன் பிறகுதான் அத்துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஒன்று ஏற்பட்டது. 1875-இல் இந்திய வானிலைத் துறையே பிறந்தது. 1876-இல் மேக்னா ஆற்று வாயிலிருந்த பாகர்கஞ்சில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறக்க, உப்பேறிய குளங்களும் கிணறுகளும் அழுகிய பிணங்களும் கொணர்ந்த நோயில் மற்றோர் இலட்சம் பேர் இறந்தார்கள். 1970-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் இரவு, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த போலாத் தீவிலும் சுற்றுப்புறங்களிலும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் என்று மதிப்பிடுகின்றனர். ஓதம் உச்சத்திலிருந்த நேரத்தில் புயல் வந்து சேர்ந்தது.

இவற்றிற்கெல்லாம் இடையே ஒரு சிறிய ஊரின் கதை எனக்கு மிகவும் கருத்தில் நிற்கிறது. கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் சியால்தாவிலிருந்து கேனிங் செல்லும் புறநகர் ரயிலை அறிவார்கள். சுந்தரவனக் காடு பார்க்கச் செல்வோருக்கு அதுவே வாயில். ஹூக்ளி ஆறு மணல் மேடிட்டு வருகிறது, கொல்கத்தாத் துறைமுகம் இனிப் பயன்படாது என்ற அச்சத்தால், மாத்லா ஆற்றங்கரையில் ஒரு புதுத் துறைமுகம் அமைக்க ஆங்கில அரசினர் 1850-களில் எண்ணினார்கள். மாத்லா என்னும் சொல்லுக்கு வங்காளியில் வெறிகொண்டது என்று பொருள். ஊரார் ஓர் ஆற்றுக்கு அப்படிப் பெயர் வைத்திருந்தால் காரணம் இருக்கும் என்று யோசித்தவர் ஒருவரே. அவர் பெயர் ஹென்றி பிடிங்டன்.

பிடிங்டன் முதலில் கப்பலோட்டி. பின்னர் கொல்கத்தாவில் தங்கிக் கனிமப் பொருட்காட்சிக் கூடம் ஒன்றைக் கவனித்து வந்தவர். வங்கக் கடலின் புயல்களைப் பற்றிக் கப்பல்களின் குறிப்பேடுகளை எல்லாம் சேர்த்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். புயற்காற்று வட்டமாகச் சுழல்வது கண்டு, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை 1848-இல் வழங்கியவர் இவரே. மாலுமிகளுக்காக அவர் எழுதிய நூலுடன், ஒளி ஊடுருவும் மெல்லிய கொம்புத் தகடுகளில் காற்றின் வட்டங்களைப் பொறித்துக் கொடுத்தார். கடற்படத்தின்மேல் அத்தகட்டை வைத்துப் புயலின் நடுவிடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கப்பல் தலைவன் கண்டுகொள்ளலாம். அப்படிப்பட்டவர், 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். மாத்லாக் கரையில் துறைமுகம் கட்டினால், ஒரு நாள் புயலின் நடுவே உப்பு நீர் மதில்போல் உருண்டு வந்து ஊரை மூழ்கடிக்கும் என்பது அதன் சாரம். ஒருவரும் கேட்கவில்லை. துறைமுகம் கட்டினார்கள், இரயில் பாதையும் போட்டார்கள், ஊருக்குக் கேனிங் பிரபுவின் பெயரை வைத்தார்கள். பிடிங்டன் 1858-இல் இறந்துவிட்டார். 1867-ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் புயல் ஒன்று வந்தது. மாத்லாவில் நீர் ஆறடி அளவு எழும்பி ஊருக்குள் புகுந்தது. பெரிய புயல்களோடு ஒப்பிட்டால் ஆறடி என்பது மிகையான உயரம் அன்று. ஆனால் அத்துறைமுகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். கொல்கத்தாத் துறைமுகம் இன்றும் இயங்குகிறது.

தமிழர்க்கு இத்தகைய நினைவு தனுஷ்கோடி. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவையொட்டி, பாம்பனிலிருந்து சென்ற பயணி ரயில் ஊரை அடையும் தறுவாயில் கடல் அதை அப்படியே வாரிக்கொண்டது. அதில் இருந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை. இருபுறமும் கடல் சூழ்ந்த மணல் நாக்கு அவ்வூர். ஒரு பக்கம் ஆழமற்ற பாக் நீரிணை. தாம்பாளத்து நீர் என்று மேலே சொன்னது அங்கும் பொருந்தும்.

கடலேற்றத்தின்மீது புயலின் அலைகளும் சேர்ந்துகொள்வதால், சில இடங்களில் அது சுனாமியின் தோற்றத்தையே எடுத்துவிடுகிறது. முன்னர்ச் சொன்ன ஹையான் புயலின்போது, பிலிப்பைன்ஸின் சாமர் தீவில் ஹெர்னானி என்னும் கரையோர ஊரில், மாடியில் நின்ற ஓர் உதவி நிறுவன ஊழியர் எடுத்த படக்காட்சியில், ஒரு நீர்ச்சுவர் விரைந்து வந்து எதிரே இருந்த வீட்டைப் பெயர்த்துச் செல்வதைக் காணலாம். அது வெறும் ஏற்றம் அன்று. அவ்வூருக்கு முன்னால் கடலில் பவளத்திட்டு இருக்கிறது. அது அலைகளைத் தடுத்து ஊரைக் காக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. சாதாரண நாட்களில் அது உண்மையும்கூட. ஆனால் பேரலைகள் கூட்டங்கூட்டமாக வந்து திட்டின் விளிம்பில் உடையும்பொழுது, உடைந்த அலைகளின் கீழே நீண்ட, மெதுவான ஒரு துடிப்பு விடுபடுகிறது. திட்டின்மேல் தேங்கிய நீருக்கு இயல்பான ஊசல் ஒன்று உண்டு. இரண்டும் இசைந்தால், ஊஞ்சலை ஏற்ற நேரத்தில் தள்ளியதுபோல அத்துடிப்பு வளர்ந்து, ஒரே சுவராகக் கரையை அடைகிறது. 2015-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதைக் கணக்கிட்டுக் காட்டியது. காப்பாக நம்பியதே ஒரு வகை அலைக்குக் காப்பாகவும் மற்றொரு வகைக்குத் துணையாகவும் இருந்திருக்கிறது.

அலையாத்திக் காடுகளைப் பற்றியும் இப்படிச் சற்றே நிதானித்துப் பேசுவது நல்லது. 1999-ஆம் ஆண்டுப் புயலில், ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தில் அகலமான அலையாத்திக் காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவாக இருந்தது என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். காடு நீரின் வேகத்தைத் தணிக்கிறது; ஆறு மீட்டர் உயர்ந்த கடலை அதனால் முற்றிலும் நிறுத்திவிட முடியாது. எச்சரிக்கை கேட்டவுடன் இடம் பெயர்வதற்கு அது மாற்று ஆகாது.

அந்த ஒடிசாப் புயல் 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் பாரதீப்புக்கு அருகே கரையேறியது. காற்று மணிக்கு 260 கிலோமீட்டர். பத்தாயிரம் அளவில் இறந்தோரில் மிகப் பலர் ஜகத்சிங்பூர் மாவட்டத்தவர். எரசமா வட்டாரத்தில் கடல் மிக நெடுந்தூரம் உள்ளே சென்றது. அதன் பின் அம்மாநிலத்தார் கரையோரம் நெடுகிலும், தூண்களின்மேல் உயர்த்திக் கட்டிய நூற்றுக்கணக்கான புயற்காப்பகங்களை எழுப்பினார்கள். ஊர்தோறும் தொண்டர்களைப் பயிற்றினார்கள். புயல் நெருங்க நெருங்கப் படிப்படியாக எச்சரிக்கை விடும் முறையை வானிலைத் துறையினர் வகுத்தார்கள். கடல் எந்த இடத்தில் எத்தனை மீட்டர் ஏறும் என்பதைக் கணிப்பொறியில் கணக்கிடும் வழிகளை டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும், பின்னர் ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையத்தாரும் அமைத்தார்கள். 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் 'பைலின்' புயல் கோபால்பூரில் கரையேறியபொழுது பத்து இலட்சம் பேர் அளவில் முன்கூட்டியே இடம் பெயர்க்கப்பட்டிருந்தார்கள். 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ஃபானி' புயல் பூரியைத் தாக்கியபொழுது பன்னிரண்டு இலட்சம் பேர். இவ்விரு புயல்களிலும் ஒடிசாவில் இறந்தோர் தொகை நூற்றை எட்டவில்லை. பத்தாயிரம் எங்கே, நூற்றுக்குள் எங்கே! புயல்களின் வலிமை ஒன்றுபோல் அன்று என்பது மெய். ஆயினும் இவ்வளவு வேறுபாட்டை அதனால் மட்டும் விளக்கிவிட முடியாது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. 1998-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் குஜராத்தின் காண்ட்லாத் துறைமுகத்தில் புயலும் கடலும் ஏறியபொழுது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களுள் பலர், பிழைப்புக்காக வெளியூர்களிலிருந்து வந்து உப்பளத்து ஓரத்தில் குடிசை போட்டுத் தங்கியிருந்த தொழிலாளர்கள். ஓர் ஊருக்குப் புதியவனுக்கு அவ்வூரின் பழைய நினைவுகள் தெரியா. எந்தத் தெரு தாழ்வு, எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்பது தெரியாது. அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் சொல்லும் சொல்லும் தெரியாது. ஆகவே குறைந்தது அந்தச் சொல்லையாவது தெரிந்துகொள்ளலாம். ஆந்திரத்தில் இருப்பவர் 'உப்பென' என்ற சொல்லையும், வங்காளத்தில் இருப்பவர் 'ஜலோச்சாஸ்' என்ற சொல்லையும் செவியில் வைத்திருக்க வேண்டும். துறைமுகக் கம்பத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைக் கேட்டு, எட்டு என்றால் பரவாயில்லை, பத்து என்றால் ஆபத்து என்று கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் கப்பல்களுக்காக ஏற்பட்டது. நம் தெருவில் எத்தனை அடி நீர் வரும் என்பதை அது சொல்வதில்லை.

சொல்வது அந்தக் கடைசி வாக்கியம்தான். அதில் 'விண்ணியல் ஓதம்' என்று வருவது, சூரியனும் சந்திரனும் இழுப்பதால் கடல் நாள்தோறும் ஏறி வற்றுவதைக் குறிக்கும். 'வானியல் அலை' என்று இதை யாரோ மொழிபெயர்த்திருந்ததையும் ஒரு முறை பார்த்தேன். வானத்திலிருந்து அலை வருமோ என்று கேட்டவர் அஞ்சியிருப்பார். அறிவிப்பில் சொல்லும் ஒன்றரை மீட்டர், இந்த ஓதத்துக்கு மேற்பட்ட ஒன்றரை மீட்டர். சென்னையில் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவே; எந்த நேரத்தில் புயல் வந்தாலும் பெரிதாக மாறுதல் இல்லை. கங்கை முகத்திலுள்ள சாகர் தீவில் அவ்வேறுபாடு நான்கு மீட்டருக்கு மேலும் போகும். அங்கே நீர் வற்றியிருக்கும் வேளையில் இரண்டு மீட்டர்க் கடலேற்றம் வந்தால் அது கரையைத் தொடாமலே போய்விடலாம். ஏறியிருக்கும் வேளையில் வந்தால் அணைக்கரைகளைத் தாண்டும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதம் மிகுதி. 2021-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் 'யாஸ்' புயல் பாலசோருக்கு அருகே கரையேறியது. அதன் காற்று ஃபானியின் காற்றைவிட மிகக் குறைவு. ஆனால் அன்று பௌர்ணமி. ஓதம் ஏறும் நேரம். தீகாக் கடற்கரை நகரின் தெருக்களில் கடல் ஓடியது. சுந்தரவனத்தின் மண் கரைகள் பல இடங்களில் உடைந்து, வயல்களும் குளங்களும் உப்பாயின. நம் வீடுகளில் நாட்காட்டி பார்த்து அமாவாசைத் தர்ப்பணம் செய்கிறவர்களுக்கு, புயல் வரும் நாளில் திதியைப் பார்ப்பது புதிய வேலை ஆகாது.

இனி அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்பது ஒன்றே எஞ்சுகிறது. இரயில் நிலையங்களில் ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகையின் அடியில், சராசரிக் கடல் மட்டத்துக்கு மேல் அந்நிலையம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்பும்பொழுதெல்லாம் அதன் அருகே பெட்டியும் கூடையுமாக நின்றிருப்போம், படித்திருக்கமாட்டோம். கடலோர நிலையங்களில் அது ஒற்றை இலக்க எண்ணாகவே பல இடங்களில் இருக்கும். அடுத்த முறை அதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்பொழுது ஒன்றைக் கழித்துக்கொள்ளவும் வேண்டும்: இரயில் பாதையை எப்போதும் மேடு கட்டித்தான் போடுவார்கள், நாம் குடியிருக்கும் தெரு பெரும்பாலும் அதைவிடத் தாழ்வாகவே இருக்கும்.